ஏணியை யாரு புடிச்சிருக்கா?

கையில் காகிதம் வைத்திருக்கிற யாரிடமும் தனசிங் உண்மை பேசியது கிடையாது. அவருக்கு இருந்த ஒரே கொள்கை அதுதான். பதிமூன்று வயதில் கற்றுக்கொண்டது.

அப்போது அவர்கள் இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்தார்கள். கண்ணாடி போட்ட ஓர் ஆள் வந்து, அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு, "உங்க அப்பா எந்த ஊர்ல பொறந்தவரு?" என்று கேட்டான். தனசிங்கின் அப்பா யோக்கியமான மனுஷன். திருச்சிப் பக்கம் என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். அடுத்த மாரிக்குள் மொத்தக் குடும்பமும் கப்பலில். மண்டபம் முகாமில் இறக்கி, சோறு போட்டு, நீலகிரி என்று சீட்டு எழுதி அனுப்பினார்கள். வந்து பார்த்தால் இங்கேயும் அதே தேயிலை, அதே கொழுந்து, அதே நீளமான லயம். குளிர் மட்டும் கூடுதல். உண்மை பேசினால் கடல் தாண்ட வேண்டிவரும் என்று தனசிங் அன்றைக்கு முடிவு கட்டினார். நாலாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த எதுவும் இந்த அளவுக்கு மண்டையில் ஏறவில்லை.

ஆக, அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மனிஷா என்கிற பெண் மூன்றாம் நம்பர் லயத்துக்கு வந்து கதவைத் தட்டியபோது, பொய் ஏற்கெனவே அவர் வாயில் தயாராக இருந்தது. எதைப் பற்றி என்பது மட்டும்தான் தெரியவில்லை.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அது கம்பெனி வீடு. ஒரே அறையாக ஒரு காம்பரா, ஒரு அடுப்படி, மழைக்கு ஒழுகுகிற ஒரு மூலை. அந்த வீட்டிலிருந்து ஒரு ஆளின் பேராவது எஸ்டேட் செக்ரோலில், அதாவது வேலையாட்கள் பதிவேட்டில், இருக்கிற வரைக்கும்தான் வீடு. பேர் போனால் மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். தனசிங் ஃபேக்டரியிலிருந்து ரிட்டையர் ஆகிப் பல வருஷம் ஆகிவிட்டது. பத்து வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி யூனிஸும் கொழுந்துக் காட்டிலிருந்து ரிட்டையர் ஆனாள். மிச்சமிருந்தது மகள் பிரிஸில்லா. அப்போது பன்னிரண்டாவது முடித்துவிட்டு, ஊட்டிக் காலேஜில் விண்ணப்பம் வாங்கப் போயிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் தனசிங் எஸ்டேட் ஆபீசுக்குப் போய் அவள் பேரைச் செக்ரோலில் ஏற்றிவிட்டார். வீடு தப்பித்தது.

பிரிஸில்லா அழவில்லை. பகலில் கொழுந்து எடுத்தாள், ராத்திரியில் தபாலில் வந்த புத்தகத்தைப் படித்தாள். பி.ஏ. முடித்தாள், எம்.ஏ. முடித்தாள். சமூகவியல்.

"அப்படின்னா என்ன புள்ள?" என்று ஒருநாள் தனசிங் கேட்டார்.

"சமுதாயத்துல யாரு மேல இருக்கா, யாரு கீழ இருக்கா, ஏன் அப்படி இருக்கான்னு படிக்கிறதுப்பா."

"அதுக்கு எதுக்குப் படிப்பு? பங்களா மேல இருக்கு. ஸ்டாஃப் குவாட்டர்ஸ் நடுவுல இருக்கு. நம்ம லயம் கீழ இருக்கு. வாசல்ல நின்னு பாத்தாலே தெரியுதே."

"அதைத்தான்பா பரீட்சையில இருபது பக்கம் எழுதச் சொல்றாங்க."

இரண்டு வாரத்துக்கு முன்னால் அவள் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். ஊட்டியில் ஏதோ ஆராய்ச்சி மையம், மூன்று வருஷத்து வேலை. கிடைத்தால் செக்ரோலில் பேர் போகும். பேர் போனால் வீடு போகும். தனசிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றார். அவர் பார்க்கலாம் என்று சொன்ன எந்தக் காரியமும் இதுவரை நடந்ததில்லை என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

இந்த நிலைமையில்தான் மனிஷா வந்தாள். பிரிஸில்லா காட்டில் இருந்தாள். யூனிஸ் ரேஷன் கடையில்.

"ஏனுங்கய்யா, நான் கோயமுத்தூருங்க. ஒரு ஆய்வுக்காக வந்திருக்கேன். ஒரு அரை மணி நேரம் பேசலாங்களா?"

கையில் காகிதம் இல்லை. ஆனால் சிலேட்டு மாதிரி ஒரு டேப் வைத்திருந்தாள். காகிதம் இல்லாத காகிதம் இன்னும் மோசம் என்று தனசிங்குக்குத் தோன்றியது.

"என்ன ஆய்வு மிஸ்?"

"ஒரு குடும்பத்துல தாத்தா என்ன வேலை, அப்பா என்ன வேலை, புள்ளைங்க என்ன வேலைன்னு கேட்போங்க. மூணு தலைமுறையில மேல வந்திருக்காங்களா, அதே எடத்துல நிக்கிறாங்களான்னு பாக்குறதுங்க."

மேல வந்திருக்கிறோமா என்று பார்க்க எவனாவது கோயமுத்தூரிலிருந்து பஸ் ஏறி வருவானா? தனசிங்குக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இது எஸ்டேட் ஆபீஸ் அனுப்பிய ஆள். மகள் வேறு வேலைக்குப் போகப் போகிறாள் என்கிற சேதி ஆபீசுக்கு எட்டிவிட்டது. வீட்டைப் பிடுங்க வேவு பார்க்கிறார்கள்.

ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி வைத்துக் கொடுத்தார். பிறகு நிதானமாகப் பொய் சொல்ல ஆரம்பித்தார்.

"உங்க அப்பா என்ன வேலைங்க?"

"தேயிலைத் தோட்டம்." அது உண்மைதான். ஆனால் அப்பா செத்து நாற்பது வருஷம் ஆகிறது. அவரிடமிருந்து பிடுங்க ஒன்றுமில்லை.

"நீங்க?"

"ஃபேக்டரி. கொழுந்து வாட்டுற மேல்மாடி."

"உங்க மக?"

"கொழுந்து."

"என்ன படிச்சிருக்காங்க?"

"எட்டாவது. அதுவும் பாஸாகல. மண்டு."

அவள் டேப்பில் ஒரு தட்டுத் தட்டினாள். முகம் கொஞ்சம் வாடியது. தனசிங்குக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"டிவி இருக்குங்களா?"

டிவி அவள் தலைக்கு நேர் பின்னால் இருந்தது. முப்பத்திரண்டு அங்குலம். கிறிஸ்துமஸுக்கு வாங்கியது.

"இல்ல."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அது பக்கத்து வீட்டுக்காரனுது. அவன் வீட்டுல எலித் தொந்தரவு. பாதுகாப்புக்கு இங்க வச்சிருக்கான்."

"சரிங்க" என்று எழுதிக்கொண்டாள். இவ்வளவு படித்த பிள்ளை இதையும் நம்புகிறதே என்று தனசிங்குக்கு அவள் மேல் இரக்கமே வந்தது.

அடுத்து டேப்பில் ஒரு படத்தைக் காட்டினாள். ஏணி. பத்துப் படி.

"இந்தச் சமுதாயம்தான் இந்த ஏணின்னு வச்சுக்கோங்கய்யா. ரொம்ப வசதியானவங்க மேல் படியில. ரொம்பக் கஷ்டப்படுறவங்க அடிப்படியில. நீங்க எந்தப் படியில நிக்கறீங்க?"

தனசிங் படத்தை உற்றுப் பார்த்தார். ஏணி சும்மா அந்தரத்தில் நின்றது.

"இதை யாரு புடிச்சிருக்கா?"

"என்னங்கய்யா?"

"ஏணியக் கீழ ஒருத்தன் புடிக்கணும்ல மிஸ்? நான் மேல்மாடியில லைட்டு மாட்ட ஏணில ஏறுனேன். கீழ புடிச்சிட்டிருந்த பழனியாண்டி பீடி குடிக்கப் போயிட்டான். விழுந்து இடுப்பு ஒடிஞ்சது. இன்னைக்கும் சாய்ஞ்சுதான் நடக்கறேன். புடிக்க ஆளில்லாத ஏணில நான் ஏற மாட்டேன். என்னையத் தரையில போடு."

"தரைங்கிற ஆப்ஷன் இல்லீங்கய்யா."

"அப்ப ஒண்ணாம் படி. ஒத்தக் காலு மட்டும்."

அவள் எழுந்திருக்கும்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "உங்க மக பேரு பிரிஸில்லாங்களா? எங்க ஆபீசுக்கு ஒரு பிரிஸில்லா அப்ளிகேஷன் போட்டிருக்காங்க. அப்பா பேரு தனசிங். எம்.ஏ. படிச்சவங்க. இதே வீட்டு நம்பர் போட்டிருக்காங்களே?"

பொறி என்றால் இதுதான் பொறி. தனசிங் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அது வேற ஆளு. இந்த எஸ்டேட்ல தனசிங்னு மூணு பேரு. வீட்டு நம்பரத் தப்பாப் போட்டிருப்பா. இந்தக் காலத்துல எவ உண்மைய எழுதறா?"

மனிஷா டேப்பில் ஏதோ நீளமாக எழுதிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனாள். கம்பெனியையே ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் தனசிங் மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். பின்னாளில் ஷௌகத் அலி டீக்கடையில் இந்தக் கதையைச் சொல்லும்போது, இந்த இடத்தில் நிறுத்தி ஒரு வாய் டீ குடிப்பார். "ரெண்டு தட்டு பாய். என் மக சோத்துல மண்ணப் போட்டுட்டு, நான் ரெண்டு தட்டுத் தின்னேன்."

சாயங்காலம் பிரிஸில்லா கொழுந்துக் காட்டில் பாவாடை நனையாமல் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை ஈரத்தோடு அவிழ்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவள் பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம். கடைசியில், "நான்தாங்க அது. அது எங்க வீடுதாங்க" என்றாள். போனை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"காலையில யாராவது வந்தாங்களாப்பா?"

"ஆபீஸ்ல இருந்து ஒரு வேவுக்காரி வந்தா. நான் விடுவனா?"

"அவங்க ஆபீஸ் இல்ல. ஆராய்ச்சி மையம். நான் வேலைக்கு எழுதிப் போட்ட எடம். என் அப்ளிகேஷன் போலின்னு ஒதுக்கி வச்சிட்டாங்களாம். வீட்டுப் பெரியவரே எட்டாவதுன்னு சொல்லிட்டாராம்."

அடுப்படியிலிருந்து யூனிஸ் கரண்டியோடு வந்தாள். "எட்டாவதா?"

"பாஸாகலன்னும் சொன்னேன்" என்றார் தனசிங். ஏன் அதையும் சேர்த்துச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

"கடவுளே! ஊரு உலகத்துல அப்பன்மாரு பத்தாவது படிச்சவள டாக்டருன்னு சொல்லித் திரியறானுங்க. எனக்கு வாய்ச்சது எம்.ஏ.வ எட்டாவதாக்குது."

பிரிஸில்லா குரலை உயர்த்தவில்லை. "நாளைக்குப் பதினொன்றரைக்கு ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டோட வரச் சொல்லியிருக்காங்க. அதுதான் கடைசி. பெட்டிச் சாவியக் குடுங்கப்பா."

அந்த வீட்டில் எல்லாக் காகிதமும் ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. சாவி தனசிங்கின் இடுப்புக் கயிற்றில். தூங்கும்போதும் அங்கேயேதான். கை தானாகச் சாவியை மூடிக்கொண்டது.

"மூணு வருஷத்து வேலை. அப்புறம்?"

"அப்புறம் வேற வேலை."

"வீடு?"

"வாடகைக்கு எடுப்போம்."

"இது நம்ம வீடு புள்ள. இதுக்காகத்தான்..."

"பத்து வருஷமா நான் கொழுந்து எடுக்கறது இந்தச் சுவத்துக்காகன்னு எனக்குத் தெரியும்பா. நீங்க சொல்ல வேண்டாம்."

தனசிங் சாவியைக் கொடுக்கவில்லை. பார்க்கலாம் என்றார்.

மறுநாள் காலை அவள் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரோ என்னவோ. அவள் கேட்கவில்லை. ஆறரைக்கு எழுந்து, படங்கைக் கட்டி, கூடையை மாட்டிக்கொண்டு, காலை ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் பேர் கொடுக்கப் போய்விட்டாள். எப்போதும் போல. அந்த எப்போதும் போல என்பதுதான் தனசிங்கை என்னவோ செய்தது. சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பார். யூனிஸ் உப்பில்லாத கஞ்சியை முன்னால் வைத்தாள். உப்புக் கேட்க அவருக்குத் தைரியமில்லை.

சும்மா பார்க்கலாமே என்றுதான் பெட்டியைத் திறந்தார். மேலே அப்பாவின் பழைய பாஸ்போர்ட். அதில் அரைக்கால் சட்டையோடு, முறைத்துக்கொண்டு தனசிங். அதன் கீழே பிரிஸில்லாவின் சர்ட்டிபிகேட்டுகள், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள். எல்லாவற்றுக்கும் அடியில் எஸ்டேட் ஆபீஸ் தந்த ஒரு நகல். பத்து வருஷத்துக்கு முன்னால் அவளைச் செக்ரோலில் ஏற்றிய காகிதம். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார்.

வேலைக்குச் சேர்பவர் பெயர்: பிரிஸில்லா. வேலைக்குச் சேர்பவர் கையொப்பம்: தனசிங்.

அன்றைக்கு அவள் ஊரில் இல்லை. கிளார்க்கு அவசரப்பட்டார். இவர் போட்டுவிட்டார். இவருக்குப் போடத் தெரிந்தது ஒரே ஒரு கையெழுத்து. கம்பெனி அப்படியே ஏற்றுக்கொண்டது. கம்பெனிக்குத் தேவை ஒரு பேரும் இரண்டு கையும்தான். கையெழுத்து யாருடையதாக இருந்தால் என்ன?

கண்ணாடி போட்ட ஆள் அப்பாவிடம் ஒரு கேள்வியாவது கேட்டான். இவர் மகளிடம் அதுகூடக் கேட்கவில்லை. நாற்பது வருஷம் தொரையைத் திட்டியிருக்கிறார், கங்காணியைத் திட்டியிருக்கிறார், நம்ம ஜனத்தை மேலே வரவிட மாட்டானுங்க என்று யூனியன் கூட்டத்தில் கை தட்டியிருக்கிறார். அந்த 'மாட்டானுங்க'வில் தானும் ஒருத்தன் என்று இத்தனை நாள் தோன்றாமலே போய்விட்டது. யூனியன்காரனும் சொல்லவில்லை.

மணி ஒன்பதே முக்கால். சர்ட்டிபிகேட்டுகளை ரேஷன் பையில் போட்டுக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து பதினோராம் நம்பர் காட்டுக்கு ஓடினார். ஓட்டம் என்று அவர் சொல்வார். பார்த்தவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள்.

சரிவில் முப்பது பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே ஏற இடுப்பு விடவில்லை. கீழே ரோட்டில் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, ஃபேக்டரி மெஷின் சத்தத்தில் பழகிய தொண்டையால் கத்தினார்.

"பிரிஸில்லா! எறங்கு! ஊட்டி வேலைக்கு இன்டர்வியூ! சர்ட்டிபிகேட் கொண்டாந்திருக்கேன்! பத்தேகால் பஸ்ஸு!"

முப்பது பேரும் நிமிர்ந்தார்கள். முப்பத்தியோராவதாக, நிரைக்கு நடுவில் குடையோடு நின்ற சூப்பர்வைசர் வேலாமணியும் நிமிர்ந்தார்.

"என்ன வேலைங்க பெரியவரே?"

அப்போதுதான் தனசிங்குக்குப் புரிந்தது. இரண்டு வாரமாகப் பொத்திப் பொத்தி வைத்த ரகசியம். அதற்காக மகளை மண்டு என்று சொல்லி, டிவியைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் பண்ணி, இன்னும் இரண்டு தனசிங்கைப் பெற்றெடுத்துக் காப்பாற்றிய ரகசியம். அதைக் கம்பெனிக்கு நேராக, மலை எதிரொலிக்கக் கத்திவிட்டார். எந்த வேவுக்காரியும் தேவைப்படவில்லை.

பிரிஸில்லா கூடையைக் கழற்றிப் பக்கத்து நிரையில் நின்ற சசிரேகாவிடம் கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள். யாரோ மேலேயிருந்து, "போயிட்டு வா புள்ள, கொழுந்த நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். இன்னொருத்தி, "உங்கப்பனையும் கூட்டிட்டுப் போயிடு, காது போச்சு" என்றாள்.

பஸ்ஸில் அவள் சர்ட்டிபிகேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்த்தாள். கேத்தி தாண்டும்போது, "வேலாமணி அண்ணன் இந்நேரம் ஆபீசுக்குப் போன் போட்டிருப்பாரு" என்றாள்.

"போட்டிருப்பான்."

"வேலை கிடைக்கலன்னா இருக்கறதும் கஷ்டம்பா."

"தெரியுது."

"அப்ப ஏன் கத்துனீங்க?"

"மெதுவாச் சொன்னா உனக்குக் கேட்காதே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தனசிங் பயந்தார். எட்டிப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் பயமாக இருந்தது.

ஆராய்ச்சி மையம் ஒரு மாடி வீட்டில் இருந்தது. மரப்படி, நல்ல செங்குத்து. மேலே மனிஷா நின்றுகொண்டிருந்தாள். தனசிங்கைப் பார்த்ததும், "மூணு பேர்ல நீங்க எந்த தனசிங்குங்கய்யா?" என்றாள்.

"ஒருத்தன்தான் மிஸ். மத்த ரெண்டு பேரையும் நான்தான் உண்டாக்கினேன். இது என் மக. எம்.ஏ. மண்டு நான்." ரேஷன் பையை நீட்டினார். "ஒரிஜினல். வேணுங்கிற அளவுக்குத் திருப்பித் திருப்பிப் பாருங்க. சந்தேகப்படறது நல்லதுதான்."

பிரிஸில்லாவை உள்ளே கூப்பிட்டார்கள். கதவு சாத்தியது. மனிஷா வெளியில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, எதிரே டேப்போடு உட்கார்ந்தாள்.

"நேத்து எழுதுனது பூராவும் அழிக்கணுங்கய்யா. முதல்ல இருந்து சொல்லுவீங்களா?"

"கேளு."

கையில் காகிதம் வைத்திருக்கிறவரிடம் உண்மை பேசுவது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் வாயில் முதலில் பொய்தான் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு மற்றதைத் தேட வேண்டியிருந்தது. வேர்த்தது. ஊட்டியில்.

"வீடு சொந்தமா, வாடகையா?"

"இன்னைக்குக் காலையில பத்து மணி வரைக்கும் கம்பெனி வீடு. அப்புறம் நானே ரோட்டுல நின்னு கத்திக் காலி பண்ணிட்டேன். அதுக்கு என்ன பேரோ அதப் போட்டுக்க."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்ததைப் படித்தாள். "உங்க குடும்பத்துல யாராவது முன்னேறுறதுக்கு யாராவது தடையா இருந்திருக்காங்களா? இருந்தா யாரு? ஒண்ணு, முதலாளி. ரெண்டு, அரசாங்கம். மூணு, சாதிக்காரங்க. நாலு, மற்றவர்."

தனசிங் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். உள்ளே பிரிஸில்லா இங்கிலீஷில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் நிறுத்தாமல் பேசினாள். வீட்டில் அவள் இவ்வளவு பேசி அவர் கேட்டதே இல்லை.

"ஒண்ணுல போடு. தொரைமார விட்டுறாத. ரெண்டுலயும் போடு. ரெண்டு நாட்டு அரசாங்கம், இடம் இருந்தா ரெண்டு தடவை போடு. அப்புறம் நாலு."

"நாலுல யாருன்னு எழுதணுங்கய்யா."

"தனசிங்."

"உறவு?"

"அப்பன்."

அவள் எழுதினாள். அடுத்த பக்கத்தைத் தள்ளியதும் மறுபடியும் ஏணி வந்தது. அவள் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"நான் அதுல இல்ல மிஸ். கீழ நிக்கறேன்னு வச்சுக்க. பீடி குடிக்கப் போகாம இருந்தாச் சரி."

கதவு திறந்தது. பிரிஸில்லா வாசலில் நின்று, இடுப்பில் இல்லாத படங்கை அவிழ்ப்பது போலக் கையை வைத்துக்கொண்டு, "ஒண்ணாந்தேதி வரச் சொல்லிட்டாங்கப்பா" என்றாள்.

தனசிங் தலையை ஆட்டினார். எழுந்திருக்கப் பார்த்தார், இடுப்பு விடவில்லை. ஒண்ணாந்தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. வீட்டுக்கு மூன்று மாதம். ஊட்டிக்குள்ளேயே காந்தலில் வாடகை வீடு என்றால் ஷௌகத் அலியைக் கேட்கலாம். தகரப் பெட்டியை அவளிடம் கொடுத்துவிட வேண்டும். சாவியோடு.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்குங்க" என்றாள் மனிஷா. "டிவி இருக்குங்களா?"

தனசிங் மகளைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட பழக்கம் தொண்டையில் வந்து நின்றது. விழுங்கினார்.

"இருக்கு" என்றார். "ஆனா படம் சரியாத் தெரியாது. அதையும் எழுதிக்க."

"நல்லாத் தெரியும்ங்க" என்றாள் பிரிஸில்லா.